சீனப் பிள்ளையளுக்கு ஆங்கிலப் பயிற்சித் தாள் எழுதிறது: மூண்டு இடத்திலை திரும்பி வருது, எங்கை பிழை?

கோண்டாவில்_ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சீனாவிலை 12ஆம் வகுப்புப் பிள்ளையளுக்கு ஆங்கிலப் பயிற்சித் தாள் 10 எழுதிக் குடுக்கிற வேலை ஒண்டு கையிலை இருக்கு. அவையின்ரை பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குக் காவோகாவோ எண்டு பேர் (சத்தமாச் சொன்னால் முத்தத்துக் காகம் திரும்பிப் பாக்குது). எங்கடை ஓ/எல் தாள் தண்ணிபட்ட பாடு, ஆனா இது வேறை சாமான். வேலை தந்தவை அனுப்பின குறிப்பிலை "150 புள்ளி, 120 நிமிசம், தேசியத் தாள் அமைப்பு" எண்டு மட்டும்தான் கிடக்கு.

முதல் தாள் மூண்டு குறிப்போடை திரும்பி வந்திட்டுது. கிளோஸிலை (கதைக்குள்ளை இருக்கிற இடைவெளியை நாலு தெரிவிலை ஒண்டாலை நிரப்பிற பகுதி) 7ஆம், 12ஆம் இடைவெளிக்கு ரெண்டு விடை சரியாம். ஏழு வசனத்திலை ஐஞ்சைத் தெரியிற பகுதியிலை, மிஞ்ச வேண்டிய வசனம் ஒண்டு உள்ளையும் பொருந்துதாம். கதையைத் தொடர்ந்து எழுதிற பகுதியிலை "குடுத்த வசனமே கதையை முடிச்சுப்போட்டுது" எண்டு எழுதியிருக்கினம்.

தாளின்ரை சரியான பிரிப்பு என்ன? அனுப்ப முதல் எப்பிடிச் சரிபாக்கிறது? கேட்டல் பகுதிக்கு ஒலிப்பதிவையும் நானே செய்யலாமோ?


சுன்னாகம்_பேப்பர்வாத்தி:

ரீச்சர், முதலிலை எந்த மாகாணத்துக்கு எண்டு கேட்டு எழுத்திலை வாங்குங்கோ. பீஜிங், ஷாங்ஹாய், தியன்ஜின் மூண்டும் தங்கடை தாளைத் தாங்களே வைக்கிற இடங்கள். "தேசியத் தாள்" எண்டு சொன்னபடியால் கீழை இருக்கிறதுதான் உங்களுக்கு வேணும்.

கேட்டல் 20 கேள்வி, ஒண்டுக்கு 1.5 வீதம் 30 புள்ளி. வாசிப்பிலை நாலு பந்தி, 15 கேள்வி, ஒண்டுக்கு 2.5 வீதம் 37.5, அதோடை ஏழிலை ஐஞ்சு, அதுவும் ஒண்டுக்கு 2.5, மொத்தம் 12.5. கிளோஸ் 15 இடைவெளி, ஒண்டுக்கு 1. இலக்கண நிரப்பல் 10 இடைவெளி, ஒண்டுக்கு 1.5, மொத்தம் 15. எழுத்திலை சின்னக் கடிதம் 15, கதைத் தொடர்ச்சி 25. கூட்டிப் பாருங்கோ, 150 வரும்.

இதிலை ஒண்டைக் கவனியுங்கோ. வாசிப்பிலை ஒரு கேள்வி பிழைச்சால் போறது 2.5. கிளோஸிலை ரெண்டு இடைவெளி பிழைச்சாலும் போறது 2தான். அதாலை உங்கடை நேரத்தைக் கிளோஸிலை கொட்டிப்போட்டு வாசிப்புக் கேள்வியை அவசரத்திலை எழுதாதேங்கோ. தாள் எழுதிற கனபேர் செய்யிற பிழை உதுதான்.

இப்ப கிளோஸ். 250 சொல்லளவிலை ஒரு கதை, முதல் வசனத்திலை இடைவெளி வைக்கிறேல்லை. ஒவ்வொண்டுக்கும் நாலு தெரிவு, நாலும் ஒரே சொல்வகை, ஒரே வடிவம். ஒண்டு இறந்தகால வினை எண்டால் மற்ற மூண்டும் இறந்தகால வினைதான். இலக்கணத்தைப் பாத்து ஒருத்தரும் விடை எடுக்கக் கூடாது, கதையைப் பாத்துத்தான் எடுக்க வேணும். ரெண்டு விடை வாறதுக்கான காரணமும் இதுக்குள்ளைதான் இருக்கு: நாலும் வசனத்துக்குள்ளை பொருந்தும், ஆனா அதிலை மூண்டை வெட்டி விழுத்துற சாட்சி கதையிலை இல்லை.

உதாரணத்துக்கு, "அவள் கதவை மெதுவா ______" எண்டு ஒரு வசனம். தெரிவுகள் ஓபண்ட், புஷ்ட், லொக்ட், பெயின்ரட். அந்த வசனத்தை மட்டும் வைச்சுப் பாத்தால் நாலும் சரி. ரெண்டு வசனம் தள்ளி "சாவி ரெண்டாந்தரம் சுத்தின சத்தம் தம்பிக்குக் கேட்டுது, இனி ஒருத்தரும் உள்ளை வரேலாது" எண்டு இருந்தால் லொக்ட் மட்டும்தான் நிக்கும். உங்கடை 7உம் 12உம் இப்பிடிச் சாட்சி இல்லாமல் நிக்கிற இடங்களா இருக்கும். தெரிவை மாத்தாதேங்கோ, சாட்சியைப் போடுங்கோ. தெரிவை மாத்தினால் அனேகமா மற்ற மூண்டும் முட்டாள்தனமான தெரிவாப் போய், கேள்வி சப்பெண்டு ஆகிவிடும். சாட்சி இடைவெளிக்குப் பிறகும் வரலாம், வாறதுதான் நல்லம். எங்கடை பிள்ளையளுக்கு இடைவெளியைச் சுத்தியிருக்கிற ஐஞ்சு சொல்லுக்குள்ளை விடை தேடுற பழக்கம், அதுக்கேத்த மாதிரி எழுதி எழுதி எங்கடை கையும் பழகிப்போச்சு.

சரிபாக்கிற முறை: விடைச் சொல்லுக்குக் காரணமான சொற்களை சிவப்பாலை கோடு போடுங்கோ. கோடு போட ஒண்டும் இல்லையெண்டால் அந்த இடைவெளியைத் தூக்குங்கோ. பிறகு தாளை எழுதாத ஒராளிட்டைக் குடுத்துச் செய்விச்சு, அவரையும் கோடு போடச் சொல்லுங்கோ. அவற்றை கோடும் உங்கடை கோடும் ஒரே இடத்திலை விழ வேணும். விடை மட்டும் ஒத்துப்போறது காணாது.

ஏழிலை ஐஞ்சுக்கும் இதே வைத்தியம்தான், ஆனா மருந்து வேறை. அங்கை பொருளை விட, தொடுக்கிற சொல்லுத்தான் பூட்டு. பல்கனியிலை மரக்கறி வளக்கிறதைப் பற்றி எழுதிறியள் எண்டு வையுங்கோ. "இந்த முறை தண்ணியை மிச்சம் பிடிக்கும்" எண்ட வசனம் வாறதெண்டால் அதுக்கு முன்னாலை ஒரு முறை சொல்லப்பட்டிருக்க வேணும். அப்பிடி ரெண்டு பந்தியிலை ரெண்டு முறை சொல்லியிருந்தால் வசனம் ரெண்டு இடத்திலையும் போய்க் குந்தும். "அவை", "இது", "மற்றது", "அதேநேரம்" மாதிரிச் சொல்லுகளை ஒவ்வொரு வசனத்திலையும் வட்டம் போட்டு, ஒவ்வொண்டுக்கும் முன்னாலை நிக்க வேண்டிய ஆள் ஒரேயொரு இடத்திலைதான் இருக்கோ எண்டு பாருங்கோ. மிஞ்சிற ரெண்டு வசனமும் அதே தலைப்பிலை இருக்க வேணும், ஆனா அதுகளின்ரை "அவை", "இது" பந்தியிலை எங்கையும் இல்லாத ஒண்டைக் காட்ட வேணும். இடைவெளிகளையும் கலந்து வையுங்கோ: ஒண்டு பந்தித் தொடக்கத்திலை, ஒண்டு நடுவிலை, ஒண்டு முடிவிலை.


நாயன்மார்கட்டு_இலக்கணம்:

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இலக்கண நிரப்பலை ஒருவரும் தொடவில்லை என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். அமைப்புச் சுருக்கமானது: ஏறத்தாழ 200 சொல் பந்தி ஒன்று, 10 இடைவெளிகள். ஆறு ஏழு இடங்களில் அடைப்புக்குறிக்குள் வேர்ச்சொல் இருக்கும், அதைச் சரியான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மற்ற இடங்களில் ஒன்றும் இராது. ஆர்ட்டிகிள் (ஏ, ஆன், தி), முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், தொடர்புப் பெயர் போன்ற ஒரு சொல்லை மாணவர் தாமே போட வேண்டும். பந்தி பெரும்பாலும் சீனப் பண்பாடு, சீன நாடு சார்ந்தது. 2022இல் முதலாம் தேசியத் தாளில் வந்தது இராட்சதப் பாண்டா தேசியப் பூங்கா. 2023இல் சியாவோலொங்பாவ், அதாவது உள்ளே சூடான சூப் நிற்கும் ஆவியில் அவித்த கொழுக்கட்டை. நம்மூர்க் கொழுக்கட்டைக்குள் சர்க்கரையும் பயறும் நிற்கிற மாதிரி அங்கே இறைச்சியும் சூப்பும்.

எந்த இடத்தில் இடைவெளி வைப்பது என்பதற்குச் சீன மொழியைக் கொஞ்சம் தெரிந்திருந்தால் வேலை இலகு. சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ மாறாது. "லெ" என்ற துணைச்சொல் செயல் முடிந்ததைக் காட்டுமே தவிர, அது இறந்தகால விகுதி அல்ல. ஆகவே படர்க்கை ஒருமைக்கு வரும் "ஸ்", இறந்தகால "எட்", செயப்பாட்டு வினை மூன்றும் எந்தத் தாளிலும் பலன் தரும் இடங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதியும் இல்லாத மாதிரித்தான், ஆர்ட்டிகிள் அறவே இல்லை. பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் "தா" என்ற ஒரே ஒலி, எழுத்தில்தான் வேறுபாடு. நம் பிள்ளைகள் ஹி, ஷி மாறிச் சொல்வது அபூர்வம், அவர்களுக்கு அது அன்றாடப் பிழை. "ஆல்தோ" என்று தொடங்கினால் "பட்" என்றும், "பிகோஸ்" என்று தொடங்கினால் "ஸோ" என்றும் முடிப்பார்கள். சீனத்தில் சுயிரான் வந்தால் பெரும்பாலும் தான்ஷி வரும், யின்வெய் வந்தால் பெரும்பாலும் சுவோயி வரும், இரண்டும் சோடி. அந்தப் பழக்கத்தைத்தான் அப்படியே கொண்டு வருகிறார்கள்.

தமிழ் ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. "நேற்று வந்த பையன்" என்று நாம் சொல்வதுபோலவே சீனரும் சொல்வார்கள்: முதலில் "நேற்று", பிறகு "வா", பிறகு "த" என்ற ஒட்டு, கடைசியில் "பையன்". நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அந்த "த" செய்கிறது. இரண்டு மொழியிலும் விளக்கம் முன்னே, பெயர் பின்னே. ஆங்கிலத்தில் அது தலைகீழ்: பையன் முதலில், பிறகு ஹூ, பிறகு மற்றதெல்லாம். தமிழ்ப் பிள்ளை எங்கே தடுக்குமோ சீனப் பிள்ளையும் அங்கேதான் தடுக்கும். ஆகவே ஹூ, விச், வேர், ஹூஸ் ஆகியவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும்.

இந்தப் பகுதியில் கேள்வி திரும்பி வருவதற்கு முக்கிய காரணம் விடைத் திறவுகோல். விச் போட்ட இடத்தில் தட் போட்டாலும் சரியாக இருக்கும். அப்படியானால் இரண்டையும் திறவுகோலில் எழுத வேண்டும். ஒரே விடைதான் வேண்டுமென்றால் முன்னே காற்புள்ளி போட்டுவிடுங்கள், அங்கே தட் வராது. காலத்திலும் அப்படித்தான்: "2019இல்" என்ற மாதிரிச் சொல் ஒன்று பந்தியில் இல்லாவிட்டால் வோஸ், ஹாஸ் பீன் இரண்டும் நிற்கும்.


கோண்டாவில்_ரீச்சர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. 12ஆம் இடைவெளிக்குக் கோடு போட ஒண்டும் இல்லை, உண்மைதான், தூக்கிட்டன்.

கதைத் தொடர்ச்சிதான் இன்னும் விளங்கேல்லை. நான் குடுத்த கதை, ஒரு பிள்ளை வளக்கிற நாய் துலைஞ்சு போகுது. முதல் பந்திக்குக் குடுத்த வசனம்: "கடைசியா, பூங்காவிலை நாயைக் கண்டாள்." ரெண்டாம் பந்திக்கு: "அண்டைக்கு இரவு வீட்டிலை எல்லாரும் சந்தோசமா இருந்தினம்." இதிலை என்ன பிழை?


பருத்தித்துறை_வெளிச்சவீடு:

தங்கச்சி, நாயை நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்திட்டியள், பிள்ளைக்கு இனி என்ன வேலை?

இந்தப் பகுதியின்ரை அமைப்பைப் பாருங்கோ. 350 சொல்லளவிலை ஒரு கதை, சிக்கல் உச்சத்துக்கு வாற இடத்திலை நிக்கும். கீழை ரெண்டு பந்தி, ரெண்டுக்கும் முதல் வசனம் குடுத்திருக்கும். பிள்ளை ரெண்டும் சேத்து 150 சொல்லளவிலை எழுத வேணும். ரெண்டாம் பந்தியின்ரை முதல் வசனத்துக்கு ரெண்டு வேலை. அது ரெண்டாம் பந்தியைத் தொடங்கிறது மட்டுமில்லை, முதலாம் பந்தி எங்கை போய் நிக்க வேணும் எண்டதையும் அதுதான் சொல்லுது. முதலாவது வசனம் வழியைத் திறக்கும், ரெண்டாவது வசனம் வழிக்குக் கரை கட்டும்.

2023ஆம் ஆண்டு முதலாம் தாளை எடுத்துப் பாருங்கோ. ஒரு பிள்ளையை ஆசிரியர் கட்டுரைப் போட்டிக்கு எழுதச் சொல்லுறார், பிள்ளை எழுதி அனுப்புது. முதலாம் பந்தி வசனத்திலை, சில கிழமை கழிச்சு, போட்டியை மறந்துபோற நேரத்திலை ஒரு செய்தி வருது. ரெண்டாம் பந்தி வசனத்திலை, பரிசளிப்பு முடிஞ்சு பிள்ளை ஆசிரியரின்ரை அலுவலகத்துக்குப் போகுது. அப்ப முதலாம் பந்தி, செய்தி என்ன எண்டதிலை தொடங்கிப் பரிசளிப்பு மேடையிலை முடியத்தான் வேணும். ஆனா அந்த மேடையிலை பிள்ளைக்கு என்ன ஓடினது, அலுவலகத்திலை என்ன கதைச்சவை எண்டது முழுக்க எழுதிறவர் கையிலை. முடிவு தெரியும், வழி திறந்து கிடக்கு.

உங்கடை நாயை அதே மாதிரிச் செய்யலாம். முதல் வசனம்: "கேற்றடியிலை சங்கிலி மட்டும் கிடந்தது." ரெண்டாவது: "அடுத்த நாள் விடிய, மூலை வீட்டு அம்மா கதவைத் தட்டினா." இப்ப முதலாம் பந்தி, தேடி அலைஞ்சு கிடைக்காமல் இரவாகிறது. ரெண்டாம் பந்தியிலை அந்த அம்மா நாயோடை வந்தவவோ, செய்தியோடை வந்தவவோ, பிள்ளைதான் முடிவெடுக்கும்.

இன்னொண்டு, குடுக்கிற கதைக்குள்ளை பாவிக்காத முடிச்சு ரெண்டு மூண்டு விட்டு வையுங்கோ. மூலை வீட்டு அம்மாவுக்கு நாயெண்டால் பிடிக்காது எண்டு நாலாம் வரியிலை ஒரு சொல்லு, நாயின்ரை கழுத்திலை சிவப்பு மணி எண்டு ஆறாம் வரியிலை ஒரு சொல்லு. நல்ல பிள்ளை அதைத் தூக்கித் தன்ரை பந்தியிலை வைக்கும், மத்திமமான பிள்ளை காணாது. புள்ளி ஐஞ்சைஞ்சாப் பிரிச்ச ஐஞ்சு படியிலை போடுறது, அதிலை மேல்படியையும் நடுப்படியையும் பிரிக்கிற ஒண்டு, குடுத்த கதையோடை எழுதினது எவ்வளவு இறுக்கமாப் பொருந்துது எண்டது. முடிச்சே இல்லாத கதையெண்டால் எல்லாரும் நடுப்படியிலைதான் நிப்பினம். மாதிரி விடை குடுக்கேக்கை ஒண்டு மட்டும் குடுக்காமல் 22, 17, 11 அளவிலை மூண்டு குடுங்கோ. வித்தியாசம் எங்கை எண்டு பிள்ளையளுக்கு அதிலைதான் விளங்கும்.

சின்னக் கடிதம் இலகு. 80 சொல்லு. எழுதிறவர் அனேகமா லீ ஹுவாதான். சீனாவிலை பரீட்சை எழுதினவைக்கு லீ ஹுவா கூடப்பிறந்த சகோதரம் மாதிரி; வெளிநாட்டு நண்பருக்கு எழுதுவார், ஆசிரியருக்கு எழுதுவார், அழைப்பார், மன்னிப்புக் கேப்பார், யோசனை சொல்லுவார். கேள்வியிலை நிலைமையும், கட்டாயம் சொல்ல வேண்டிய ரெண்டு விசயமும் இருக்க வேணும். முடிவிலை லீ ஹுவா எண்டு கையொப்பத்தை நீங்களே அச்சடிச்சு விடுங்கோ, பிள்ளை சொந்தப் பேர் போடக் கூடாது.

விடைத்தாளையும் கட்டம் கட்டிக் குடுங்கோ. உண்மைப் பரீட்சையிலை தாளை ஸ்கான் பண்ணித் திரையிலை பாத்துத்தான் திருத்திறவை, கட்டத்துக்கு வெளியிலை எழுதினது செல்லாது. 2பி பென்சிலாலை தெரிவை நிரப்பிறது, எழுத்துக்குக் கறுப்பு மைப் பேனை. அச்செழுத்து மாதிரி உருண்டை உருண்டையா எழுதிற ஹெங்சுயி கையெழுத்தை அங்கை தனியாப் பழகிறதுக்குக் காரணமும் இந்தத் திரைதான். பயிற்சித் தாளிலை கோடு நெருக்கமா இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு இடம் காணாது.


திருநெல்வேலி_ஒலி:

கேட்டல் பற்றி ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை, நான் சொல்லுறன்.

முதல் பகுதி ஐஞ்சு குட்டி உரையாடல், ஒவ்வொண்டும் ஒருதரம் மட்டும் வாசிக்கிறது, ஒவ்வொண்டுக்கும் ஒரு கேள்வி. கேட்டு முடிஞ்சு விடை போடவும் அடுத்த கேள்வியை வாசிக்கவும் 10 செக்கன். ரெண்டாம் பகுதியும் ஐஞ்சு, ஆனா நீளம், ரெண்டுதரம் வாசிக்கிறது, மொத்தம் 15 கேள்வி. கடைசியிலை ஒராள் தனியாக் கதைக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாலை வாசிக்க 5 செக்கன், பிறகு விடைக்கு 5 செக்கன். எல்லாம் சேந்து 20 நிமிசமளவு. இந்த இடைவெளியை வாயாலை எண்ணிப் பதியாதேங்கோ. குரலை மட்டும் பதிஞ்சு, வெறுமையை எடிற் பண்ணேக்கை வெட்டி ஒட்டுங்கோ. 10 செக்கன் 8 ஆனால் பிள்ளை அடுத்த கேள்வியைத் தவறவிடும், அந்தத் தாளாலை பயிற்சியும் இல்லை.

தெரிவு எப்பிடி வைக்கிறது எண்டதுக்கு, தாளிலை வருசக்கணக்கா அச்சிட்டு வாற மாதிரிக் கேள்வியே போதும். சேட் என்ன விலை? 19.15 பவுண், 9.18 பவுண், 9.15 பவுண். விடை மூண்டாவது. மற்ற ரெண்டும் எங்கை இருந்து வந்தது எண்டு பாருங்கோ: ஒண்டு நைனை நைன்ரீனாக் கேட்டவருக்கு, மற்றது கடைசி இலக்கத்தைத் தவறவிட்டவருக்கு. ஒவ்வொரு பிழை விடையும் ஒரு குறிப்பிட்ட காதுப் பிழைக்கு வலை. 30 பவுண், 100 பவுண் எண்டு சும்மா போட்டால் அது வலையில்லை.

உங்கடை குரல் வேண்டாம், ரீச்சர். கோவிக்காதேங்கோ. பரீட்சையிலை வாறது பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு. எங்கடை "ட" நாக்கை மடிச்சு வாறது, வீயும் டபிள்யூவும் எங்களுக்கு ஒரே இடம். சீனப் பிள்ளையளுக்கும் வீ, டபிள்யூ குழப்பம் இருக்கு, ரெண்டு குழப்பமும் சேந்தால் பிள்ளை என்னத்தைக் கேக்கிறது? நீங்கள் எழுத்துப் பிரதியைச் செய்யுங்கோ, குரல் ஆண் ஒண்டு பெண் ஒண்டு அவை ஏற்பாடு செய்யட்டும். நேரம் பாக்கிற வரைவுக்கு மட்டும் உங்கடை குரலிலை பதியலாம். அதையும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலை பகலிலை பதியாதேங்கோ. 25 நாளும் ஒலிபெருக்கிதான். இரவு 11க்குப் பிறகு, ஃபானை நிப்பாட்டி, உடுப்பலமாரியைத் திறந்து அதுக்கு முன்னாலை இருந்து பதிஞ்சால் எதிரொலி குறையும்.


கோண்டாவில்_ரீச்சர்:

கோவமில்லை, தம்பி, காசு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடைசிக் கேள்வி: வாசிப்புப் பந்தி ஒண்டைப் பனையைப் பற்றி எழுதலாமோ? அவையே இனி நேரடி வகுப்பும் எடுக்கச் சொல்லிக் கேக்கினம்.


சுன்னாகம்_பேப்பர்வாத்தி:

வகுப்பு விசயத்தை முதல் சொல்லுறன். 2021 ஜூலையிலை வந்த விதியின்படி, வெளிநாட்டிலை இருக்கிற வெளிநாட்டவரை வைச்சுப் பாடம் நடத்துறதுக்குச் சீனாவிலை தடை. விதி முக்கியமா 9ஆம் வகுப்பு வரைக்கும், ஆனா மேல்வகுப்புக்கும் அதை ஒட்டியே நடக்கச் சொல்லியிருக்கு. தாள் எழுதிறதோடை நில்லுங்கோ.

பனை எழுதலாம். பாடத்திட்டத்திலை மூண்டு பெருந்தலைப்பு: மனிதனும் தானும், மனிதனும் சமூகமும், மனிதனும் இயற்கையும். பனை மூண்டாவதுக்குள்ளை அடங்கும். ஆனா ஏ, பி, சி, டி எண்ட நாலு வாசிப்புப் பந்தியிலை ஏயிலை வைக்காதேங்கோ. அது விளம்பரம், அறிவித்தல், நேரசூசி மாதிரித் தேடி எடுக்கிற சாமானுக்கான இடம், மூண்டு கேள்விதான். பி அனேகமாக் கதை, சியும் டியும் விளக்கக் கட்டுரை, நாலு நாலு கேள்வி, டிதான் கடினம். பனை சிக்குச் சரி.

சொல்லளவைப் பாத்து எழுதுங்கோ. 2017 பாடத்திட்டத்தின்படி மேல்வகுப்பு முடிய 3000 சொல்லளவு. அதுக்கு வெளியிலை போற சொல்லுக்குப் பக்கத்திலை அடைப்புக்குறிக்குள்ளை சீனத்திலை பொருள் போட்டிருக்கும். உங்கடை பந்தியிலை அப்பிடி மூண்டு நாலு சொல்லுக்கு மேலை வந்தால் திருப்பி எழுதுங்கோ. கருப்பட்டிக்குப் பொருள் போட்டால் சரி. ஒடியல், பினாட்டு, புழுக்கொடியல் எல்லாத்தையும் ஒரே பந்திக்குள்ளை திணிச்சால் அடைப்புக்குறிதான் மிஞ்சும். சொல்லுக்குப் பொருள் கேக்கிற கேள்வியையும் பொருள் போட்ட சொல்லிலை வைச்சிடாதேங்கோ. வைக்கிறதெண்டால் "ரப்பிங்" (tapping) மாதிரி ஒண்டிலை வையுங்கோ. தட்டுறது எண்ட பொருள் பிள்ளைக்குத் தெரியும், பாளை சீவிற வரி முன்னாலையும் முட்டி கட்டுற வரி பின்னாலையும் இருந்தால் மரத்திலை இருந்து பதனீர் எடுக்கிற வேலை எண்டு சாட்சி வைச்சே கண்டுபிடிக்கும்.